சேத்துப்பட்டும் செங்கற்பட்டும்

பழவேற்காட்டுக் கடைத்தெருவைக் கடந்து, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பின்னே விட்டு, ஏரியின் குறுக்கே இட்ட பாலத்தின்மேல் கிழக்கு நோக்கிச் செல்கிறவனுக்கு, ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வங்கக் கடலுமாக நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் கலங்கரை விளக்கம் ஒன்று முதலில் கண்ணில் படும். அந்த விளக்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, இங்கிலீஷும் தமிழும் இணைந்த லைட்ஹவுஸ் குப்பம் என்ற நாமத்தோடு மீனவர் ஊர் ஒன்று அதனருகே வாழ்ந்து வருகிறது. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோதிலும், பாலம் வருவதற்கு முன்னே படகில் ஏறித்தான் அங்கிருந்து வெளியுலகுக்கு வரவேண்டும் என்ற நிலையில் இருந்த ஊர் அது. பிரசவ வேதனையில் துடித்த பெண்ணானாலும், இருமி இருமி இளைத்துப் போன ஆணானாலும், வைத்தியரிடம் போவதென்றால் முதலில் தண்ணீரைக் கடந்தாக வேண்டும். இந்த ஒரு சங்கதியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் சொல்லப்போகும் சரித்திரம் முழுவதும், நோயாளி வைத்தியத்தை நாடிப் போவதா, வைத்தியம் நோயாளியின் வாசலுக்கு வருவதா என்ற கேள்வியையே சுற்றி வருகிறது.

பழவேற்காட்டின் பழம்பெருமையைப் பற்றி எழுதுகிறவர்கள் 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையையும், இங்கிருந்து கப்பலேறிய துணிவகைகளையும் பற்றி விஸ்தாரமாக எழுதுவதுண்டு. எனக்கோ அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கி வைத்திருக்கும் எலும்புக்கூட்டு உருவங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. மரணத்தை மறவாதே என்று தங்கள் இனத்தாருக்கு நினைவூட்டுவதற்காக அந்நியர்கள் நிறுத்தி வைத்த அந்த உருவங்களைப் பார்க்கையில், நம்மவர்கள் ஒரு வியாதிக்கு வைத்த பெயர் நாவில் வந்து நிற்கிறது. எலும்புருக்கி என்றார்கள், க்ஷயம் என்றும் சயரோகம் என்றும் சொன்னார்கள், இன்று காசநோய் என்று எழுதுகிறோம், டி.பி. என்று பேசுகிறோம். தசையைத் தின்று, எலும்பை மட்டும் தோலின் கீழே மிச்சம் வைத்துவிட்டுப் போகும் பிணிக்கு எலும்புருக்கி என்பதைக் காட்டிலும் பொருத்தமான பெயரை எந்த பாஷையிலும் யாரும் வைத்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

திருவள்ளூர் மாவட்டம் என்ற ஒன்று 1997-இல்தான் தனியே பிரிந்தது. அதற்கு முன் பொன்னேரி தாலுகாவும் அதைச் சார்ந்த இந்தக் குப்பங்களும் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு உரியவை. செங்கற்பட்டு என்ற பெயரோ, ஏரிகளுக்கும் நெல்லுக்கும் பெயர்போன தொண்டை நாட்டில் வழங்குவதைவிட அதிகமாக, ஜெனீவாவிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள வைத்திய நூல்களில் வழங்கி வருகிறது. அதைப் போலவே, சென்னையில் ஸ்பர் டாங்க் சாலையை ஒட்டிய சேத்துப்பட்டும் உலக வைத்திய சரித்திரத்தில் நிலைபெற்ற ஒரு ஸ்தலம். க்ஷயரோகத்துக்கு எவ்வாறு சிகிச்சை செய்வது என்பதை உலகம் சேத்துப்பட்டில் கற்றது. எவ்வாறு தடுப்பது என்பதில் தன் அறிவின் எல்லை எதுவரை என்பதைச் செங்கற்பட்டில் கற்றது. இவ்விரண்டையும் கற்பித்தவர்கள் அந்தச் சேரிகளிலும் கிராமங்களிலும் வாழ்ந்த ஏழை ஜனங்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சேத்துப்பட்டில் நடந்ததன் அருமையை உணர வேண்டுமானால், அதற்கு முந்திய காலத்தைச் சிறிது பார்க்கவேண்டும். க்ஷயத்துக்கு மருந்து என்று ஒன்று இல்லாதிருந்த நாளில் சானடோரியம் ஒன்றே கதியாக இருந்தது. ஊருக்கு வெளியே, மலைச் சாரலிலோ மரங்கள் அடர்ந்த வெளியிலோ, காற்றோட்டமான விடுதிகளைக் கட்டி, நோயாளியை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அங்கே படுக்க வைத்து, பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்து, பூரண ஓய்வில் வைத்திருப்பார்கள். பிழைத்தவர்களும் உண்டு; பிழைக்காதவர்கள் அநேகர். மதனப்பள்ளிக்கு அருகே மிஷன் சபைகள் கூடி நடத்திய ஆரோக்கியவரம் இந்த வகையில் பிரசித்தி பெற்றது. தாம்பரத்தில் 1928-இல் இத்தகைய ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. இவரே இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியத்தை நடத்தியவர் என்பதும், க்ஷயரோகி என்று கருதப்பட்ட கணித மேதை ராமானுஜன் 1917-இல் சில காலம் அங்கே இவருடைய பராமரிப்பில் இருந்தார் என்பதும் நம்மவரில் பலர் அறியாத செய்திகள். ராமானுஜனுடைய நோய் உண்மையில் க்ஷயம்தானா என்று பிற்கால வைத்தியர்கள் சந்தேகித்திருக்கிறார்கள். அது எப்படியாயினும், அந்த மகான் 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டே வயதில் கண்ணை மூடிய இடம் இதே சேத்துப்பட்டு. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அந்தப் பேட்டையிலேயே க்ஷயத்துக்கு உலகம் போற்றும் ஆராய்ச்சி தொடங்கியதை நினைக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது.

தமிழ் வாசகர்கள் மறக்கவொண்ணாத இன்னொரு மரணமும் உண்டு. புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் இதே நோயால் மாண்டார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பாஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் மருந்தும் அவர் உயிரோடிருக்கையில் வந்துவிட்டது. ஆனால் அவை ஏழை எழுத்தாளனின் கைக்கு எட்டும் விலையில் வரவில்லை. ஐஸோநயாஸிட் என்ற மூன்றாவது மருந்தின் குணம் 1952-இல் வெளிப்பட்டது. அது மலிவானது; வாயால் விழுங்கக்கூடியது. நான்கு வருஷங்கள் அவர் கூட உயிர் தரித்திருந்தால் என்ற எண்ணம், அவருடைய கதைகளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எழாமல் இருந்ததில்லை.

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அதை எங்கே வைத்துக் கொடுப்பது? 1955 முதல் 1958 வரை இந்தியாவில் நடத்தப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, க்ஷயம் நகரத்துச் சேரிகளின் வியாதி என்ற பழைய நம்பிக்கையைப் பொய்யாக்கி, அது கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் பரவிக் கிடக்கிறது என்பதைக் காட்டிற்று. நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். எத்தனை ஆண்டுகள் கட்டிக்கொண்டே போனாலும், எல்லா நோயாளிகளையும் படுக்க வைக்க நாட்டில் கட்டடங்கள் போதா. ஆனால் இருமி எச்சில் துப்பும் நோயாளியை, எட்டடிக்குப் பத்தடிக் குடிசையில், மனைவி மக்களோடு, கஞ்சியும் கருவாடுமாக வைத்துக்கொண்டே மருந்து கொடுப்பது என்றால், அது குணப்படுத்துமா, அல்லது வீடு முழுவதையும் நோய்க்கு இரையாக்குமா என்பது யாருக்கும் தெரியாது. மேல்நாட்டுப் பெரிய வைத்தியர்கள் பலர் அது பாபம் என்றே எண்ணினார்கள்.

இங்கே குப்பத்தின் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை. பழவேற்காடு ஏரியைச் சார்ந்த சில மீனவர் ஊர்களில் ‘பாடு’ என்ற பழைய முறை ஒன்று உண்டு. ஏரியில் வலை போடத்தக்க இடங்களைக் குறித்து, சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். எவனும் எவனுடைய முறையிலும் புகமாட்டான். நியாயம் தவறாத நல்ல ஏற்பாடு அது. ஆனால் கடலானாலும் ஏரியானாலும், உடம்பைக் கொண்டு உழைக்கிறவனுக்கு உடம்பே மூலதனம். முகத்துவாரத்தில் இறாலும் மடவையும் உள்ளே நுழையும் பருவத்தில் எழுந்து நிற்க மாட்டாதவன், அந்தப் பருவத்தின் வரும்படி முழுவதையும் இழக்கிறான். அப்படிப்பட்டவனை, ஒரு வருஷம் ஊரை விட்டு வந்து தாம்பரத்தில் படு, இல்லாவிட்டால் செத்துப் போவாய் என்று சொன்னால், அவன் குடும்பத்தின் சோற்றுக்கு அந்த ஒரு வருஷத்தில் யார் பொறுப்பு? பலர் போகவே மாட்டார்கள். போனவர்களும் காய்ச்சல் தணிந்த இரண்டாம் மாதமே திரும்பிவிடுவார்கள். அதை அறியாமை என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. அது அறியாமையன்று, வயிற்றுக் கணக்கு.

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகவே இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி 1956-இல் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. இங்கிலாந்திலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற வைத்தியர் அதன் ஆரம்ப ஆண்டுகளில் தலைமை வகித்தார்; தேவதத்தா, சி. வி. ராமகிருஷ்ணன் முதலிய நம் நாட்டு வைத்தியர்களும், ராதாகிருஷ்ணா என்ற புள்ளியியல் நிபுணரும் அவரோடு நின்று உழைத்தார்கள். சென்னையின் ஏழைப் பேட்டைகளிலிருந்து, கபத்தில் கிருமி உள்ளவர்கள் என்று ஊர்ஜிதமான 193 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை வைத்தியருடைய விருப்பத்துக்கும் விடாமல், நோயாளியின் விருப்பத்துக்கும் விடாமல், சீட்டுக் குலுக்கலைப் போன்ற ஒரு முறையால் தீர்மானித்தார்கள். பாட்டுக்குச் சீட்டுப் போடும் ஏரிக்கரையில் பிறந்த எவனுக்கும் இதன் நியாயம் உடனே புரியும். தேர்ந்தெடுக்கும் கை யாருடையதும் அல்லாதபோதுதான் வந்த பலனை யாரும் சந்தேகிக்க முடியாது.

இரு வகுப்பாருக்கும் மருந்து ஒன்றே: ஐஸோநயாஸிடும் பாஸும், தினந்தோறும், ஒரு வருஷத்துக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, காற்று, நர்சுகளின் மேற்பார்வை, போஷாக்கான உணவு எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நிலையத்துக்கு வந்து மருந்தை வாங்கிப் போய், தங்கள் குடிசையில், தங்களுக்குக் கிடைத்த உணவை உண்டு, உடம்பில் சிறிது தெம்பு வந்ததும் வேலைக்கும் போனார்கள். மருந்து விழுங்கப்படுகிறதா என்பதை அறிய, சுகாதார ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு திரவத்தைச் சில சொட்டுகள் விட்டால், பாஸ் உட்கொண்டவனின் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். சந்து பொந்துகளிலெல்லாம் வீடு தேடி அலைந்த அந்த ஊழியர்களின் கால்நடையே இந்த ஆராய்ச்சியின் பாதி என்று நான் கருதுகிறேன். ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடி புகழ் பெற்றுவிடுகிறது. வெயிலில் நடந்த கால்கள் பெறுவதில்லை.

முடிவு 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டில் வெளியாயிற்று. வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். இந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டு சானடோரியமே சிறந்தது என்று யாராலும் சாதிக்க முடியவில்லை. அத்தனை வறுமையில், அத்தனை நெருக்கத்தில், அத்தனை குறைந்த சோற்றில், மருந்து ஒன்றின் பலத்தால் இத்தனை பேர் தேறியது வைத்திய உலகத்தைத் திகைக்க வைத்தது. இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்பது. நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களையும், நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பங்களையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1966-இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டு வகைக் குடும்பங்களிலும் புதிதாக நோயுற்றவர்களின் அளவில் விசேஷ வித்தியாசம் இல்லை என்று காட்டிற்று. காரணமும் தெளிவானது: தொற்று பெரும்பாலும் நோய் இன்னதென்று கண்டறிவதற்கு முன்பே, மருந்து உள்ளே போவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது, மருந்து போகத் தொடங்கியபின் நோயாளியின் இருமலிலுள்ள விஷம் விரைவில் குறைந்துவிடுகிறது. ஆகையால் தகப்பனைக் குழந்தையிடமிருந்து பிரித்து வைப்பதனால் குழந்தை காப்பாற்றப்படுவதில்லை. தகப்பனுக்குச் சீக்கிரம் மருந்து கொடுப்பதனால் காப்பாற்றப்படுகிறது.

எத்தனை குடும்பங்கள் இந்த ஒரு வாக்கியத்தினால் பிரியாமல் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். சானடோரியத்துக்கு அனுப்புவது என்றால் ஊருக்கு அறிவிப்பது என்று அர்த்தம். அறிவித்தபின் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது. அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யாரும் வரமாட்டார்கள். சேத்துப்பட்டு முடிவு, மேல்நாடுகளிலும் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுவதற்குத் துணை செய்தது. 1959-இல் பெங்களூரில் தேசிய க்ஷயரோக ஸ்தாபனம் தோன்றிற்று. 1962-இல் வகுக்கப்பட்ட தேசியத் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அஸ்திவாரமாகக் கொண்டது. அதற்கடுத்த ஆண்டில் தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். தும்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கபத்தில் கிருமியுள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்து விசாரித்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் இருமலோடு ஏற்கனவே ஒரு வைத்தியசாலைக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது. கிராமத்தான் வைத்தியத்தை நாடாதவன் என்பது கட்டுக்கதை. அவன் நாடித்தான் போனான். இருமல் மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு மருந்தைக் கொடுத்தனுப்பினால் எல்லோரும் ஒழுங்காக விழுங்குவார்கள் என்பதற்கு உறுதியில்லை என்பதைச் சேத்துப்பட்டு வைத்தியர்களே முதலில் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட உபாயம், தினசரி மருந்துக்குப் பதிலாக வாரத்தில் இரண்டே முறை, ஊழியர் ஒருவரின் கண்ணெதிரே, பெரிய அளவில் மருந்தைக் கொடுப்பது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஐஸோநயாஸிடும் சேர்ந்த இந்த முறை, தினசரி மருந்துக்கு எள்ளளவும் குறைந்ததன்று என்று 1964-இல் நிரூபித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனம் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரப்பிய நேரடி மேற்பார்வைச் சிகிச்சையின் வேர் இதுவே. பின்பு 2017-இல் இந்தியா விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையைக் கைவிட்டு, தினசரி மருந்துக்கே திரும்பிற்று என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சேத்துப்பட்டு நிலையம் 1978 முதல் க்ஷயரோக ஆராய்ச்சி மையம் என்றும், 2011 முதல் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனம் என்றும் பெயர் மாறி, அதே சாலையில் இன்றும் நடந்து வருகிறது.

இனி, தடுப்பதற்கு எடுத்த முயற்சியின் கதை. கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள், மாட்டைப் பற்றும் க்ஷயக் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்துச் செய்த பி.சி.ஜி. என்னும் தடுப்பு மருந்து முதன்முதலில் 1921-இல் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் 1948-இல் அது நுழைந்தது. அதைத் தயாரிக்கும் கூடம் கிண்டியில் அமைந்தது. ஆனால் 1955-இல், முதல் மந்திரி பதவியை விட்டு விலகியிருந்த ராஜாஜி, பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு பிரசுரமே வெளியிட்டு, நிச்சயமாகப் பலன் தரும் என்று நிரூபிக்கப்படாத ஒன்றை, உயிருள்ள கிருமியை, கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் ஏற்றலாகாது என்று போராடினார். அவருடைய வாதங்களில் சில விஞ்ஞானத்துக்குப் பொருந்தாதவை. ஆயினும் ‘நிரூபணம் எங்கே’ என்ற அந்த ஒரு கேள்வி தகுதியானது. பிரிட்டனில் நடந்த பரிசோதனை பி.சி.ஜி. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் காப்பதாகச் சொல்ல, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்தது அநேகமாகப் பயனில்லை என்று சொல்லிற்று. இரண்டும் ஒழுங்காக நடத்தப்பட்டவை. யாரை நம்புவது?

இதற்கு முடிவு காண்பதற்காக, உலகத்திலேயே அதுவரை நடந்திராத அளவில், செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் 1968 ஜூலையில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. 209 கிராமங்கள், 9 பட்டணங்கள். சுமார் 3,60,000 ஜனங்கள். வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினார்கள். முன்கையில் ஊசி போட்டுத் தோல் தடிப்பை அளந்தார்கள். பெரியவர்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு பாரிஸ் வகை, டேனிஷ் வகை என்ற இரண்டு தடுப்பு மருந்துகளை, ஒவ்வொன்றையும் பெரிய அளவு, சிறிய அளவு என்று இரண்டு விதமாகவும், மற்றொரு பகுதியாருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசியையும், எது யாருக்கு என்று ஊசி போடுகிறவருக்கும் தெரியாதபடி கொடுத்தார்கள். 1971 மார்ச்சில் ஊசி போடும் வேலை முடிந்தது. அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்த ஜனத்தொகை முழுவதையும் மீண்டும் தேடிப் போய், எக்ஸ்ரே எடுத்து, கபத்தை வாங்கிச் சோதித்துப் பதினைந்து வருஷங்கள் கவனித்தார்கள்.

இந்தப் பதினைந்து வருஷங்களை வாசகர் கடுகென நினைத்துவிடக் கூடாது. கல்யாணம் ஆகிப் புக்ககம் போனவளையும், பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போனவனையும், பெயரை மாற்றிச் சொன்னவனையும், இறந்து போனவனையும் பதிவேட்டில் தொடர்வதென்பது எத்தகைய வேலை! ஜனங்களும் அலுக்காமல் ஒவ்வொரு முறையும் வந்து நின்றார்கள். சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே பலகையில் மார்பை அழுத்தினார்கள். விடியற்காலையில் கபத்தைக் குப்பியில் பிடித்துக் கொடுத்தார்கள்.

1979-இல் முதல் அறிக்கை வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. ஏழரை ஆண்டுகளின் முடிவில், பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை பி.சி.ஜி. தடுக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் வெற்று ஊசி பெற்றவர்களும் ஒரே அளவில் நோயுற்றார்கள். 1999-இல் வெளியான பதினைந்தாண்டு அறிக்கையும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளில் மட்டும் நூற்றுக்கு 27 என்ற சொற்பமான, அதுவும் நிச்சயம் என்று சொல்ல முடியாத, பாதுகாப்புத் தென்பட்டது. ஏன் இப்படி என்பதற்கு விஞ்ஞானிகள் பல காரணங்கள் சொன்னார்கள். தென்னிந்தியாவின் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு வகைக் கிருமிகள், க்ஷயக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவினர், சிறுவயதிலேயே நம் உடம்பில் புகுந்து ஒருவித எதிர்ப்பை உண்டாக்கி விடுவதால் பி.சி.ஜி. புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது என்பது அவற்றில் முக்கியமானது; தென்னிந்தியக் கிருமி வகை கொஞ்சம் சாதுவானது என்பதும், வயதான பின் வரும் நோய் பெரும்பாலும் மறுதொற்று என்பதும் மற்றவை. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் பச்சைக் குழந்தைகளை மூளைக் காய்ச்சல் க்ஷயத்திலிருந்தும், உடம்பெங்கும் சிதறும் க்ஷயத்திலிருந்தும் பி.சி.ஜி. காக்கிறது என்பதற்கு வேறிடங்களில் நல்ல சாட்சியம் இருப்பதால், பிறந்த குழந்தையின் இடது தோளில் அந்த ஊசி இன்றும் போடப்படுகிறது. போடத்தான் வேண்டும்.

செங்கற்பட்டுப் பரிசோதனை தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடுப்பு மருந்து தோற்றிருக்கலாம், பரிசோதனை தோற்கவில்லை. பலன் இல்லை என்ற விடையைத் துணிந்து எடுத்து, அதை மறைக்காமல் உலகுக்கு முன் வைப்பதற்கு, பலன் உண்டு என்று சொல்வதைவிட அதிகமான நேர்மை வேண்டும். அந்த விடை இல்லாதிருந்தால், ஊசி போட்டாயிற்று, இனி பயமில்லை என்று நாம் வாளாவிருந்திருப்போம். இதே மாவட்டத்தில் குஷ்டரோகத்துக்கான தடுப்பு மருந்துகளை 1990-களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றுள் இரண்டு, நூற்றுக்கு அறுபதுக்கு மேல் காப்பாற்றுவதாகத் தெரிந்தது என்பதும் குறிப்பிடத் தக்கது, அதே பி.சி.ஜி. தனியாகக் கொடுக்கப்பட்டபோது குஷ்டத்தில் நூற்றுக்கு 34 அளவுக்குப் பயன் தந்தது. ஒரே மண், ஒரே மருந்து, வேறு வேறு பிணி. தொண்டை நாட்டு ஜனங்கள் திரும்பத் திரும்பக் கையை நீட்டிக் கொடுத்த பாடங்கள் இவை.

சேத்துப்பட்டின் 1959 முடிவில் ஒரு பகுதியை மட்டும் நாம் பிழையாக வாசித்துவிட்டோமோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. வீட்டில் இருந்த நோயாளிகள் குறைவாக உண்டும் தேறினார்கள். சானடோரியத்தார் நன்றாக உண்டு அதிக எடை ஏறினார்களேயன்றி, அதனால் கிருமி விரைவில் அழியவில்லை. உணவைப் பற்றிய தனி ஆய்வும் 1961-இல் வெளியாயிற்று. மருந்து இருக்கும்போது குணமாவதற்கு உயர்ந்த உணவு இன்றியமையாததன்று என்பது அதன் பொருள். ஆனால் சொல்லாத ஒன்றை, அதாவது நோய் வருவதற்கும் பசிக்கும் சம்பந்தமில்லை என்பதை, அதன்மேல் ஏற்றி, பல ஆண்டுகள் திட்டங்களில் சோற்றைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார்கள். குணப்படுத்துவது வேறு, வராமல் காப்பது வேறு. இந்த வேற்றுமையை எடுத்துக் காட்ட அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், சென்னை ஸ்தாபனத்தின் துணையோடு டாக்டர் அனுராக் பார்கவாவும் அவருடைய சகாக்களும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2,800 நோயாளிகளின் வீடுகளிலுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உறவினர்களைக் கவனித்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன. உறவினர்களில் ஒரு பகுதியாருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அவ்வாறு பெற்ற வீடுகளில் புதிதாக க்ஷயம் வருவது நூற்றுக்கு 39 அளவுக்குக் குறைந்தது; பிறருக்குப் பரவும் வகை க்ஷயமோ 48 அளவுக்குக் குறைந்தது. பி.சி.ஜி. ஊசியால் செங்கற்பட்டில் பெரியவர்களுக்குச் செய்ய இயலாததை, அரிசியும் பருப்பும் ஜார்க்கண்டில் செய்தன.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இந்த வழியில் வந்ததே. நோய் இன்னதென்று தெரிந்த அன்றே, நோயாளியை எடை போட்டு உயரத்தை அளந்து உடம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்; கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு இருபத்து நான்குக்கு மேல் ஓடுகிறதா, ரத்தத்தில் பிராணவாயு குறைந்திருக்கிறதா, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றில் தவறியவரை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, உணவும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து உண்கிறார்கள். எல்லோரையும் படுக்க வைத்த சானடோரிய காலமும், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய காலமும் கழிந்து, யாருக்குப் படுக்கை வேண்டும் என்று ஒரு தராசைக் கொண்டு நிதானிக்கும் காலம் வந்திருக்கிறது.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் விடியற்காலையில் படகுகள் வந்து சேரும்போது ஏலம் நடக்கும். பெரிய இறாலும், நண்டும், கனமான மீன்களும் ஐஸ் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பாலத்தைத் தாண்டிச் சென்னை மார்க்கெட்டுக்குப் போய்விடுகின்றன. அவற்றைப் பிடித்தவனுடைய வீட்டு அடுப்பில், விலை போகாத சிறு மீன்கள் சட்டியில் கொதிக்கின்றன. மழைக்காலத்திலும் தடைக்காலத்திலும் படகு இறங்காத நாளில் அதுவும் இல்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவன் இருமிக்கொண்டு வந்து நின்றால், அவனுக்கு மாத்திரை இன்று இனாமாகவே கிடைக்கிறது. கூடவே அவனையும், அவன் மனைவியையும், பிள்ளைகளையும் தராசில் ஏற்றி, அந்த வீட்டில் அடுத்த மாதத்துக்கு அரிசியும் பருப்பும் எத்தனை படி இருக்கின்றன என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.